குழுவின் வேலையைச் சர்வருக்குக் கொண்டுபோவது எப்படி?

ஆறேழு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும் இடத்தில், “அது என்ன ஆயிற்று?” என்ற கேள்வி ஒரு நாளில் எத்தனை முறை எழுகிறது என்று கவனித்துப் பாருங்கள். கேட்டவர் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் செய்துகொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் பழைய மின்னஞ்சல்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் துழாவுகிறார். கடைசியில் கிடைக்கும் கோப்பின் பெயர் ‘இறுதி’. அதன் பக்கத்திலேயே ‘இறுதி-புதியது’ என்று இன்னொன்றும் இருக்கிறது. எது உண்மையில் இறுதி என்று அறிய இன்னும் இரண்டு பேரை அழைக்க வேண்டும்.

திட்டப்பணிகளைப் பொதுவான ஒரு சர்வரில் வைத்து நடத்துவதன் நோக்கம் இந்தக் கேள்வியை ஒழிப்பதுதான். வரைபடங்கள், விழுக்காட்டுக் கணக்குகள், மேலதிகாரிக்கான அறிக்கைகள் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. யார் எதைச் செய்கிறார், அது எந்த நிலையில் நிற்கிறது, ஏன் அப்படி முடிவெடுத்தோம் ஆகிய மூன்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்க வேண்டும். வேறெங்கும் தேட வேண்டிய தேவை இருக்கக் கூடாது. மென்பொருளை நிறுவுவது அரைநாள் வேலை. அந்த ஒரே இடத்தைக் குழுவின் பழக்கமாக்குவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். எனவே இங்கே நிறுவலைப் பற்றிக் குறைவாகவும் பழக்கத்தைப் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறேன்.

இந்த வகை மென்பொருள்கள் புதியவை அல்ல. மொசில்லா திட்டத்தினர் உலாவிப் பிழைகளைப் பதிவுசெய்ய 1998இல் வெளியிட்ட பக்ஸில்லா, ழான்-ஃபிலிப் லாங் 2006இல் வெளியிட்ட ரெட்மைன், 2011இல் தொடங்கிய கிட்லேப் என்று வரிசை நீள்கிறது. தோற்றம் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். சர்வரில் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. குழுவினர் அவரவர் உலாவியிலிருந்து அதனுடன் பேசுகிறார்கள். ஒவ்வொரு வேலையும் எண்ணிடப்பட்ட ஒரு பதிவாக அதில் உட்காருகிறது. அந்தப் பதிவைத்தான் டிக்கெட் என்கிறோம். யார் எப்போது எதை மாற்றினார் என்பது டிக்கெட்டின் அடியில் தானாகவே குறிக்கப்படுகிறது. இரண்டு பேர் ஒரே டிக்கெட்டை ஒரே நேரத்தில் திறந்து திருத்தினால், பின்னால் சேமிப்பவருக்கு “இதற்கிடையில் இன்னொருவர் மாற்றியிருக்கிறார்” என்று ரெட்மைன் எச்சரித்து, அந்த மாற்றத்தையும் காட்டிவிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்கிறது. பகிரப்பட்ட விரிதாளில் ஒருவரது வரியை மற்றவர் தெரியாமல் அழித்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று புரிகிறதா?

கீழே உள்ள விளக்கங்களுக்கு ரெட்மைனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். பார்ப்பதற்குப் பழைய பாணியில் இருக்கும். ஆனால் இலவசம், திறமூலம் (அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது), சிறிய சர்வரிலும் ஓடும், தேவையானவை எல்லாம் இருக்கின்றன. வேறொன்றைத் தேர்ந்தெடுத்தாலும் படிகள் பெரிதாக மாறாது.

முதல் படி: மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஒப்பீட்டு அட்டவணைகளைப் படிக்கத் தொடங்கினால் முடிவே இருக்காது. இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் போதும்.

முதலாவது: குழுவின் வேலை நிரல் எழுதுவதா, வேறா? நிரல்தான் மையம் என்றால் கிட்லேப், கிட்டீ போன்றவை பொருத்தமானவை. நிரல் களஞ்சியமும் (நிரல் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேர்ந்திருக்கும் இடம்) டிக்கெட்டும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும். கிட்டீ மிக இலேசானது. கிட்லேப் கொஞ்சம் கனமான ஆசாமி; தாராளமாக நினைவகம் கேட்கும். நிரலோடு ஆவணம், வடிவமைப்பு, வாடிக்கையாளர் கோரிக்கைகள் என்று பலவும் கலந்திருந்தால் ரெட்மைனோ, அதன் வழித்தோன்றலான ஓப்பன்புராஜெக்ட்டோ நல்லது. கோப்புகளைப் பகிர்வதுதான் முதன்மைத் தேவை என்றால் நெக்ஸ்ட்கிளவுடை நிறுவி, அதிலேயே உள்ள பணிப்பலகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது: சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் மாதக் கட்டணம் செலுத்தி வேறொருவரின் சர்வரில் இடம் பிடிப்பதே புத்திசாலித்தனம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாடகை வீட்டுக்குரிய நிபந்தனைகள் அங்கே உண்டு. சர்வர் உங்களுடையதாக இருந்தாலும், மென்பொருளின் உரிமம் வேறொருவருடையது என்றால் இதே கதைதான். ஜிரா என்ற இதே வகை மென்பொருளைத் தங்கள் சர்வரிலேயே நிறுவி வைத்திருந்த குழுக்கள் பல. அதை உருவாக்கும் அட்லாசியன் நிறுவனம் தனது ‘சர்வர்’ வகை உரிமத்துக்கான ஆதரவை நிறுத்தப்போவதாக 2020இல் அறிவித்து, 2024 பிப்ரவரி 15 அன்று நிறுத்தியும் விட்டது. மேகத்துக்கோ (அந்த நிறுவனமே நடத்தும் இணையச் சர்வர்களுக்கோ), விலை கூடிய வேறு உரிமத்துக்கோ மாற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: உள்ளே போட்ட தரவு முழுவதையும் வெளியே எடுக்க வழி இருக்க வேண்டும். அந்த வழி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: நிறுவல்

இருபது, முப்பது பேர் கொண்ட குழுவின் ரெட்மைனுக்கு இரண்டு ஜிபி நினைவகம் உள்ள லினக்ஸ் சர்வர் ஒன்று போதுமானது. டாக்கர் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ‘கன்டெய்னர்’ என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) வழியாக நிறுவுவதுதான் இப்போது எளிய வழி. அதில் புதியவர்கள் விழும் குழிகள் இரண்டு.

ரெட்மைனின் அதிகாரபூர்வ டாக்கர் வடிவம், தரவுத்தளம் எதையும் நீங்கள் குறிப்பிடாவிட்டால், எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தோடு ஓடத் தொடங்கிவிடும். பார்த்துப் பழக அது போதும். பலர் ஒரே நேரத்தில் எழுதும் இடத்துக்கு உகந்ததல்ல. தொடக்கத்திலேயே போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல்லை இணைத்துவிடுங்கள். பிறகு மாற்றுவது தலைவலி.

இன்னொன்று: டிக்கெட்டுகளின் எழுத்துகள் தரவுத்தளத்தில் இருக்கும், இணைக்கப்படும் கோப்புகளோ தனி அடைவு (ஃபோல்டர்) ஒன்றில் போய்ச் சேரும். அந்த அடைவைக் கன்டெய்னருக்கு வெளியே நிலையான இடத்தில் வைக்காவிட்டால், அடுத்த முறை கன்டெய்னரைப் புதிதாக எழுப்பும்போது இணைப்புகள் எல்லாம் மறைந்திருக்கும். டிக்கெட்டில் கோப்பின் பெயர் மட்டும் அழகாக நிற்கும், அழுத்தினால் ஒன்றும் வராது.

சர்வரை இணையத்தில் திறந்துவிடுவதென்றால் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு கட்டாயம். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடமிருந்து அதற்கான சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் வழக்கமான ஆயுள் 90 நாள்கள்தான். எனவே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அன்றே செய்துவிட வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து, எல்லோரும் மறந்துவிட்ட ஒரு காலையில், உலாவி சிவப்பு எச்சரிக்கையைக் காட்டும்.

மூன்றாம் படி: முதலில் கதவை மூடுங்கள்

நிறுவியவுடன் ரெட்மைனில் நுழைய ‘அட்மின்’ என்பதே பயனர் பெயர், ‘அட்மின்’ என்பதே கடவுச்சொல். இதை உலகமே அறியும். முதல் நுழைவிலேயே அதை மாற்றச் சொல்லும். வலுவான ஒன்றாக மாற்றுங்கள். பிறகு நிர்வாகப் பகுதியில் ‘இயல்பான அமைப்பை ஏற்று’ என்ற பொருளில் ஒரு பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் பங்குகள் (யாருக்கு என்ன உரிமை என்பவை), டிக்கெட் வகைகள், நிலைகள், முன்னுரிமைகள் எல்லாம் நிரம்பிவிடும். இதைச் செய்யாமல் டிக்கெட் போட முயன்று, “வகையே இல்லை என்கிறதே” என்று குழம்புகிறவர்கள் ஏராளம்.

அடுத்து இரண்டு அமைப்புகள். உள்நுழைந்தால்தான் எதையும் பார்க்க முடியும் என்ற கட்டுப்பாட்டை இயக்குங்கள். புதிய திட்டங்கள் இயல்பாகவே பொதுப்பார்வைக்குத் திறந்திருக்கும் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். திறமூலத் திட்டங்களை மனத்தில் வைத்து உருவான மென்பொருள் என்பதால் அதன் இயல்புநிலை வெளிப்படையானது. வாடிக்கையாளரின் பெயரும் ஒப்பந்த விவரமும் உள்ள திட்டத்துக்கு அது சரிப்படாது. இந்த இரண்டையும் செய்து முடிக்கும்வரை உண்மையான தரவு எதையும் உள்ளே போடாதீர்கள்.

இணைக்கும் கோப்பின் உச்சவரம்பு தொடக்கத்தில் 5 எம்பி. நீளமான திரைப்பதிவு ஒன்று அதைத் தாண்டிவிடும். இப்போதே உயர்த்தி வையுங்கள். கோப்பு ஏறவில்லை என்றால் மனிதர்கள் உடனே மின்னஞ்சலுக்குத் திரும்பிவிடுவார்கள்; திரும்பியவர்களை மீண்டும் அழைத்துவருவது கடினம்.

நான்காம் படி: ஒரே ஒரு திட்டம், ஒரு கை விரல்களுக்குள் நிலைகள்

குழுவின் எல்லா வேலைகளையும் ஒரே நாளில் ஏற்றிவிடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். இப்போது நடந்துகொண்டிருக்கும், ஒன்றிரண்டு மாதங்களில் முடியப்போகும் ஒரு திட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விரிதாளில் உள்ளதைச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்து) கோப்பாக இறக்குமதி செய்ய வசதி இருக்கிறது. அதில் தமிழ் எழுத்துகள் இருந்தால், குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மறந்தால் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் மிஞ்சும். வசதி இருக்கிறது என்பதற்காக இரண்டு ஆண்டுகளின் குப்பையையும் கொண்டுவர வேண்டாம். இன்னும் செய்யவேண்டிய வேலைகளை மட்டும் ஏற்றினால் போதும். முடிந்தவை விரிதாளிலேயே நிம்மதியாக உறங்கட்டும்.

ரெட்மைனின் இயல்பான நிலைகள் ஆறு: புதியது, நடந்துகொண்டிருக்கிறது, தீர்க்கப்பட்டது, கருத்துக்காகக் காத்திருக்கிறது, மூடப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. பெரும்பாலான குழுக்களுக்கு இதுவே சற்று அதிகம். ஆனால் நடப்பது என்னவென்றால், இரண்டாவது வாரத்தில் யாராவது ‘மறுஆய்வில்’ என்று ஒன்றைச் சேர்ப்பார். அடுத்தவர் ‘மறுஆய்வுக்குத் தயார்’ என்பார். ஆறு மாதத்தில் பதினைந்து நிலைகள் இருக்கும். எதற்கும் எதற்கும் என்ன வேறுபாடு என்று அவற்றைச் சேர்த்தவருக்கே தெரியாது. புதிய நிலை வேண்டும் என்று யார் கேட்டாலும் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: “இந்த நிலைக்கு டிக்கெட் வந்தால் அடுத்து கையை நீட்ட வேண்டியவர் யார்?” ஆள் மாறவில்லை என்றால் புதிய நிலை தேவையில்லை.

‘தீர்க்கப்பட்டது’, ‘மூடப்பட்டது’ இரண்டும் தனித்தனியாக இருப்பதற்கு மட்டும் காரணம் உண்டு. வேலையைச் செய்தவர் தீர்த்துவிட்டதாகச் சொல்கிறார். வேலையைக் கேட்டவர் பார்த்து ஒப்புக்கொண்டு மூடுகிறார். செய்தவரே மூடும் வழக்கம் வந்துவிட்டால், மூடிய டிக்கெட்டுகள் ஒரு வாரத்தில் வேறு எண்ணில் மீண்டும் எழுந்து வரும். எந்தப் பங்கில் இருப்பவர் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாற்றலாம் என்பதை ரெட்மைனில் ஓர் அட்டவணையாக நிர்ணயிக்க முடியும். தொடக்கத்தில் அதைத் தளர்வாகவே விடுங்கள். பூட்டு மேல் பூட்டுப் போட்டால், “என்னால் மாற்ற முடியவில்லை, நீங்கள் மாற்றிவிடுங்கள்” என்று நிர்வாகியின் வாசலில் வரிசை நிற்கும்.

பங்குகளும் அப்படியே. மேலாளர், செய்பவர், கோரிக்கை வைப்பவர் என்று மூன்று போதும். வாடிக்கையாளரையும் உள்ளே சேர்ப்பதானால், தனக்குரிய டிக்கெட்டுகளை மட்டும் பார்க்கும் நான்காவது பங்கு ஒன்றை உருவாக்குங்கள். குழுவுக்குள் மட்டும் தெரியும் தனிக்குறிப்புகள் எழுதவும் வசதி இருக்கிறது. ஆனால் அவசரத்தில் அந்தப் பெட்டியைத் தட்ட மறப்பது மனித இயல்பு; வாடிக்கையாளர் படித்தால் சங்கடம் என்று தோன்றும் எதையும் அங்கே எழுதாமலிருப்பதே பாதுகாப்பு.

ஐந்தாம் படி: டிக்கெட் எழுதுவது

எல்லாம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். சர்வர் வேகமாக இருக்கலாம், அமைப்புகள் கச்சிதமாக இருக்கலாம். டிக்கெட்டுகள் மோசமாக இருந்தால் குழு பழைய பாதைக்கே திரும்பிவிடும்.

ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தலைப்பு: ‘பிடிஎஃப் பிரச்சினை’. விளக்கம்: ‘வரவில்லை, உடனே பார்க்கவும்’. முன்னுரிமை: உடனடி. பொறுப்பாளர்: யாருமில்லை. இதைத் திறந்து பார்ப்பவர் செய்யக்கூடியது ஒன்றே: எழுதியவரைத் தேடிப்போய், “எந்தப் பிடிஎஃப்?” என்று கேட்பது. எந்தக் கேள்வியை ஒழிக்கச் சர்வர் வாங்கினோமோ அது வேறு உருவில் வந்து நிற்கிறது.

அதே செய்தியை இப்படி எழுதியிருக்கலாம். தலைப்பு: ‘மாத அறிக்கையைப் பிடிஎஃப் ஆக இறக்கினால் கடைசிப் பக்கம் வெறுமையாக வருகிறது’. விளக்கத்தில் நான்கு செய்திகள்: என்ன செய்தேன் (அறிக்கைப் பக்கத்தில் மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்து, பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினேன்); என்ன எதிர்பார்த்தேன் (மொத்தத் தொகை அட்டவணை); என்ன நடந்தது (நான்காம் பக்கம் வெள்ளையாக இருந்தது, கோப்பை இணைத்திருக்கிறேன்); எங்கே நடந்தது (ஃபயர்பாக்ஸ் உலாவி; குரோமில் சரியாக வருகிறது). கடைசி வரிதான் பொன். இரண்டு உலாவிகளுக்கும் வேறுபாடு இருக்கிறது என்பது தெரிந்தாலே, சரிசெய்பவர் எங்கே தோண்டத் தொடங்குவது என்று அறிந்துவிடுவார்.

பிழையாக இல்லாமல் புதிய வேலையாக இருந்தால் இன்னொரு வரி தேவை: எது நடந்தால் இந்த வேலை முடிந்ததாகக் கொள்வோம்? ‘முகப்புப் பக்கத்தை மேம்படுத்துதல்’ என்ற டிக்கெட் ஒருநாளும் மூடப்படாது. ‘முகப்பில் தேடல் பெட்டி வேண்டும், பொருளின் பெயரில் மூன்று எழுத்து அடித்ததும் பரிந்துரைகள் தெரிய வேண்டும்’ என்பது மூடப்படும்.

ஒரு டிக்கெட்டுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். இருவர் சேர்ந்து செய்யும் வேலையானாலும் பெயர் ஒன்றுதான். மற்றவரைக் ‘கவனிப்பவர்’ பட்டியலில் சேர்க்கலாம். இருவர் பொறுப்பு என்றால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவரும் நினைப்பார்கள். பெரிய வேலையை உட்பணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒருவர் பெயரில் எழுதலாம். ரெட்மைன் உட்பணிகளின் தேதிகளையும் நிறைவு விழுக்காட்டையும் கொண்டு தாய்ப்பணியின் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும் எதையும் பிரிப்பது நல்லது என்பது என் கணக்கு. அதற்கு மேல் நீளும் டிக்கெட்டில் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற சொல் எதையும் சொல்வதில்லை.

ஒரு வேலை முடியாமல் இன்னொன்று நகராது என்றால் அதை வாக்கியமாக எழுதாமல் உறவாகப் பதிவுசெய்யுங்கள். ‘இது அதைத் தடுக்கிறது’ என்று இணைத்துவிட்டால், தடுக்கும் டிக்கெட் திறந்திருக்கும்வரை தடுக்கப்பட்டதை மூட ரெட்மைன் அனுமதிக்காது. ஒரே பிழையை மூவர் தனித்தனியாகப் பதிந்திருந்தால் ‘நகல்’ என்று இணைக்கலாம். மூலத்தை மூடும்போது நகல்களும் சேர்ந்து மூடப்படும்.

முன்னுரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து படிகள் இருக்கின்றன. ஆளுக்கொரு டிக்கெட்டை ‘உடனடி’ என்று குறித்தால் ஐந்தும் ஒன்றாகிவிடும். முன்னுரிமையை மாற்றும் வேலையை ஒருவரிடம் விடுங்கள். கேட்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இனி மிக முக்கியமான வழக்கம். பேச்சில், தொலைபேசியில், கூட்டத்தில் எடுத்த முடிவை யாராவது ஒருவர் அன்றே இரண்டு வரியாக டிக்கெட்டில் எழுத வேண்டும். ‘தொலைபேசியில் பேசினோம். பழைய உலாவிகளுக்கான ஆதரவு இந்த வெளியீட்டில் வேண்டாம் என்று முடிவு.’ இது போதும். எழுதாத முடிவு எடுக்காத முடிவு என்று குழுத் தலைவர் பிடிவாதமாக இருந்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும். அவரே வாய்மொழியாக வேலை ஏவிக்கொண்டிருந்தால் ஓராண்டானாலும் பழகாது. யாராவது வந்து “அந்தச் சின்ன வேலையை முடித்துத் தர முடியுமா?” என்று கேட்டால், “எண் என்ன?” என்று திருப்பிக் கேட்கலாம். முதல் சில நாள்களுக்கு இது சற்று மரியாதைக் குறைவாகத் தோன்றும்.

ஆறாம் படி: நிரலையும் கோப்புகளையும் இணைப்பது

நிரல் எழுதும் குழுவானால், கிட் (நிரல் மாற்றங்களை வரலாற்றோடு சேமிக்கும் மென்பொருள்) களஞ்சியத்தை ரெட்மைனோடு இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை நிரல் மாற்றத்தைப் பதியும்போதும் அதன் குறிப்பில் ‘refs’ (ரெஃப்ஸ்) என்ற குறிச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் #245 என்பதுபோல டிக்கெட் எண்ணைச் சேர்த்தால், அந்த மாற்றம் 245ஆம் டிக்கெட்டின் பக்கத்தில் போய் நிற்கும். நிர்வாகப் பகுதியில் வேறு குறிச்சொற்களை வரையறுத்து, அவை வரும்போது டிக்கெட்டின் நிலை தானாக மாறும்படியும் செய்யலாம். இதன் அருமை இன்று தெரியாது. இரண்டு ஆண்டு கழித்து, விநோதமான ஒரு வரியைப் பார்த்து “இதை யார், எதற்காக எழுதினார்கள்?” என்று ஒருவர் கேட்கும்போது, வரியிலிருந்து எண்ணுக்கும், எண்ணிலிருந்து அன்றைய விவாதத்துக்கும் இரண்டு சொடுக்கில் போய்விடலாம்.

வடிவமைப்புக் கோப்பு, ஒப்பந்தம், படம் போன்றவற்றுக்கு வேறு நியாயம். எழுத்துக் கோப்புகளில் இருவர் செய்த மாற்றங்களை கிட் ஒன்றிணைத்துவிடும். படக்கோப்புகளில் அது நடக்காது. அவற்றை ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொடாதிருக்க வேண்டும். கிட் போன்ற இன்னொரு மென்பொருளான சப்வெர்ஷனிலும், நெக்ஸ்ட்கிளவுடிலும் கோப்பைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு உண்டு. சிறிய குழுவில் ‘இந்த டிக்கெட் யார் பெயரில் இருக்கிறதோ அவரே கோப்பைத் தொடலாம்’ என்ற விதியே பூட்டாகிவிடும்.

மீண்டும் மீண்டும் கேட்கப்படும் செய்திகள், அதாவது சோதனைச் சர்வரின் முகவரி, வெளியீட்டு முறை, புதியவர் முதல் நாளில் செய்ய வேண்டியவை, ரெட்மைனிலேயே உள்ள விக்கிப் பக்கங்களுக்கு (குழுவினர் சேர்ந்து எழுதும் குறிப்புப் பக்கங்களுக்கு) போக வேண்டும். கடவுச்சொற்கள் மட்டும் விக்கியில் கூடாது. அதற்கென்று தனி மென்பொருள்கள் இருக்கின்றன.

ஏழாம் படி: அறிவிப்புகள்

குறைவாகவே வரட்டும். எல்லாத் திட்டத்தின் எல்லா நிகழ்வுக்கும் மின்னஞ்சல் வரும்படி வைத்தால், இரண்டாம் நாளே எல்லோரும் அவற்றைத் தனி அடைவுக்குத் திருப்பிவிடுவார்கள்; அதன்பின் உண்மையில் அவசரமானதும் அங்கேதான் போய் விழும். தன் பெயரில் உள்ளவை, தான் கவனிப்பவை, இவற்றுக்கு மட்டும் என்று வையுங்கள். கெடு நெருங்கும் டிக்கெட்டுகளை நினைவூட்டும் மின்னஞ்சலை ரெட்மைன் அனுப்பும். ஆனால் அது தானாக நடக்காது. சர்வரில் தினமும் ஓடும்படி நீங்கள்தான் அட்டவணையிட வேண்டும். இயல்பாக அடுத்த 7 நாள்களுக்குள் முடிய வேண்டியவற்றை அது பட்டியலிடும்.

எட்டாம் படி: வாரக் கூட்டத்தைத் திரையின் முன் நடத்துவது

வாரம் ஒருமுறை அரைமணி நேரம், ஒரே திரையில் டிக்கெட் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். யாரும் தனியாக அறிக்கை தயாரிக்கக் கூடாது. அறிக்கை வேறு, சர்வர் வேறு என்றானால் சர்வரில் எழுதுவது வெட்டிவேலை என்று குழுவுக்குப் புரிந்துவிடும். கூட்டத்தில் மூன்று பட்டியல்களைப் பார்த்தால் போதும்: கெடு தாண்டியவை, இரண்டு வாரமாக யாரும் தொடாதவை, பொறுப்பாளர் இல்லாதவை. இவற்றை ஒருமுறை வடிகட்டி, பெயரிட்டுச் சேமித்துவைத்தால் பிறகு ஒரு சொடுக்கில் வந்துவிடும். இரண்டாவது பட்டியலில்தான் அழுகிப்போன வேலைகள் கிடைக்கும். அவற்றில் பாதியைத் தயங்காமல் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று மூடுங்கள். யாரும் செய்யப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த டிக்கெட்டைத் திறந்து வைத்திருப்பது பட்டியலின் மீதுள்ள நம்பிக்கையைத்தான் குறைக்கும்.

வேலைகளைக் காலவரிசையில் பட்டைகளாகக் காட்டும் கேன்ட் வரைபடம் ரெட்மைனில் தானாகவே கிடைக்கிறது. பத்து பேருக்குக் குறைந்த குழுவில் அதை நான் பரிந்துரைப்பதில்லை. அதை உண்மையாக வைத்திருக்க ஒருவர் முழுநேரமும் தேதிகளை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பதில் அடுத்த வெளியீட்டை ஒரு ‘பதிப்பு’ என்று உருவாக்கி, அதற்குரிய டிக்கெட்டுகளை அதில் சேருங்கள். எத்தனை முடிந்தன, எத்தனை மீதம் என்பதை வழித்தடப் பக்கம் (ரோட்மேப்) ஒரு பட்டையாகக் காட்டும்.

ஒன்பதாம் படி: காப்புப் பிரதி

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால், அந்த இடம் போனால் எல்லாம் போகும். கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை இந்தத் துறைக்கு வரும் எவரும் ஒருமுறை அறிந்துகொள்ள வேண்டும். இரவில் தரவுத்தளச் சிக்கல் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், துணைச் சர்வரில் அழிக்க நினைத்த அடைவை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி தரவில் சில ஜிபி மட்டுமே மிஞ்சியது. காப்புப் பிரதியை எடுக்கப் போனால், அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால், அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களை மின்னஞ்சல் சர்வர் ஏற்கவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. நிரல் களஞ்சியங்கள் தப்பின. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான டிக்கெட்டுகளும் கருத்துகளும் போயின. நிறுவனம் இவை அனைத்தையும் மறைக்காமல் வெளியிட்டது, மீட்புப் பணியை நேரலையிலும் காட்டியது. அதனால்தான் இவ்வளவு விவரம் நமக்குத் தெரிகிறது.

ரெட்மைனுக்குக் காப்பு என்றால் மூன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும்: தரவுத்தளத்தின் பிரதி, இணைப்புக் கோப்புகளின் அடைவு, அமைப்புக் கோப்புகள். தரவுத்தளத்தை மட்டும் எடுத்து நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். மீட்கும் நாளில் டிக்கெட்டெல்லாம் இருக்கும், படமும் ஆவணமும் இருக்காது. தினமும் இரவில் எடுத்து, வேறொரு இடத்திலுள்ள கணினிக்கு நகலெடுங்கள். அதே சர்வரில் கிடக்கும் பிரதி, வட்டு பழுதானால் சேர்ந்தே போய்விடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டுப் பாருங்கள். வேறொரு கணினியில் புதிதாக ரெட்மைனை நிறுவி, பிரதியை ஏற்றி, கடைசியாக இணைக்கப்பட்ட ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் காப்பு இருக்கிறது. எவ்வளவு நேரம் பிடித்தது, எந்தக் கட்டளையில் சிக்கினீர்கள் என்பதை விக்கியில் எழுதுங்கள். அந்த விக்கிப் பக்கத்தை அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் விழுந்த நாளில் அதே சர்வரிலுள்ள விக்கியைத் திறந்து படிக்க முடியாது. பதிப்பை உயர்த்துவதற்கு முன்பும் இதே ஒத்திகையை நடத்துங்கள். முக்கியமாகச் செருகுநிரல்களை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்களை) கவனியுங்கள். ரெட்மைனின் புதிய பதிப்பில் முதலில் உடைவது அவைதான்.

ஒருவர் குழுவை விட்டுப் போகும்போது

இது எல்லோரும் மறக்கும் வேலை. முதலில் அவர் பெயரில் திறந்திருக்கும் டிக்கெட்டுகளை, அவர் இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வேறு பெயருக்கு மாற்றுங்கள். பாதியில் நிற்பவற்றில் தன் மனத்தில் மட்டும் உள்ளதை அவர் ஒரு குறிப்பாக எழுதிவிட்டுப் போகட்டும். பிறகு அவரது கணக்கைப் பூட்டுங்கள், அழிக்காதீர்கள். ரெட்மைனில் ஒரு பயனரை அழித்தால் அவர் எழுதிய குறிப்புகள் அனைத்தும் ‘பெயரற்றவர்’ பெயருக்கு மாறிவிடும். யார் எந்த முடிவை எடுத்தார் என்ற தடம் அதோடு அழிந்துபோகும். பூட்டிய கணக்கால் உள்ளே நுழைய முடியாது, ஆனால் பழைய பதிவுகளில் பெயர் அப்படியே இருக்கும். கிட் களஞ்சியத்துக்கான திறவுகோல், கோப்புப் பகிர்வு, சர்வரில் நேரடியாக நுழையும் உரிமை ஆகியவை ரெட்மைனுக்கு வெளியே தனித்தனியாக இருப்பவை. அவற்றையும் அதே நாளில் நீக்க, விக்கியில் ஒரு பட்டியலும், அதற்கென்று ஒரு டிக்கெட்டும் இருக்கட்டும்.